தெற்கே வண்டி கட்டியவர்கள்: வாசகர் கேள்வி–பதில்

அமெரிக்காவில் 18-ம் நூற்றாண்டில் பென்சில்வேனியா, வர்ஜீனியா பக்கமிருந்து கரோலினா, டென்னசி, கென்டக்கி, ஜார்ஜியா என்று தெற்கும் மேற்குமாக நகர்ந்த குடும்பங்களின் வம்சாவளி தேடுவது பற்றி நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. பெரும்பாலும் அங்கே சம்பந்தம் செய்துகொண்ட வாசகர்கள் கேட்டவை. வரலாற்று ஆர்வத்தில் கேட்டவையும் உண்டு. எல்லாவற்றையும் இந்த இதழில் சேர்த்துத் தருகிறோம்.

சம்பந்தி வீட்டுக் குடும்ப மரத்தில் மேலே இருக்கும் முதல் பெயருக்கு நேராக ‘பிறப்பு: 1785, கிரீன் கவுன்ட்டி, டென்னசி’ என்று இருக்கிறது. பேரனுக்காக அதற்கு முந்தைய தலைமுறையைத் தேடுகிறேன். டென்னசி ஆவணங்களில் ஒன்றுமே அகப்படவில்லை.
– வாசகி, நாக்ஸ்வில்

1785-ல் டென்னசி என்று ஒரு மாநிலமே கிடையாது. கிரீன் கவுன்ட்டி (கவுன்ட்டி என்றால் மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற பிரிவு) 1783-ல் வட கரோலினாவின் கவுன்ட்டியாக உருவானது. மறு வருடமே அந்த வட்டாரத்து மக்கள் ‘ஃபிராங்க்ளின்’ என்று தனி மாநிலம் அறிவித்து, 1788 வரை அதை நடத்திப் பார்த்துத் தோற்றார்கள். 1790-ல் அது ஒன்றிய அரசின் தென்மேற்குப் பிரதேசம் ஆனது. 1796 ஜூன் 1-ம் தேதிதான் டென்னசி. எல்லைப்புற வீரர் என்று பெயர்பெற்ற டேவி கிராக்கெட் 1786-ல் பிறந்ததும் இதே கிரீன் கவுன்ட்டியில், இதே குழப்பத்துக்கு நடுவில்தான். ஆகவே அந்தக் காலத்து நில மானியங்களை வட கரோலினாவின் தலைநகர் ராலேயில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும். கவுன்ட்டி நீதிமன்றப் புத்தகங்கள் கிரீன்வில்லில் இருக்கும்.

கிரீன் கவுன்ட்டியைப் பிரித்தது வாஷிங்டன் கவுன்ட்டியிலிருந்து. அந்த வாஷிங்டன் 1777-ல் வட கரோலினா போட்டது. பக்கத்திலேயே வர்ஜீனியாவிலும் அதே சமயத்தில் இன்னொரு வாஷிங்டன் கவுன்ட்டி முளைத்தது. இரண்டையும் ஒன்றாக எண்ணித் திண்டாடுகிறவர்கள் ஏராளம். ஹோல்ஸ்டன் ஆற்றுக்கு வடக்கே குடியிருந்தவர்கள் தாங்கள் வர்ஜீனியாவில் இருப்பதாகவே நினைத்து அங்கே வரி கட்டி வந்தார்கள். 1779-ல் எல்லைக் கோட்டை அளந்தபோது பலர் வட கரோலினாவுக்குள் வந்துவிட்டார்கள். அவர்களுக்காக சலிவன் கவுன்ட்டி உண்டானது. எல்லைக்கு அந்தப் புறத்திலும் கதை இதேதான். தென்மேற்கு வர்ஜீனியாவில் வீட்டை விட்டு அசையாத ஒரு குடும்பத்துக்கு ஆகஸ்டா (1738), பாட்டடூர்ட் (1770), ஃபின்காசில் (1772), வாஷிங்டன் (1777) என்று நான்கு கவுன்ட்டிகளில் ஆவணம் இருக்கலாம்.

எனவே தேடுவதற்கு முன் ஒரு அட்டவணை போடுங்கள்: வருடம், இன்றைய ஊர், அன்றைய கவுன்ட்டி, அன்றைய மாநிலம், அந்தப் புத்தகங்கள் இப்போது எங்கே உள்ளன. நியூபெரி நூலகம் வெளியிட்டுள்ள கவுன்ட்டி எல்லை வரைபடத் தொகுப்பு இணையத்தில் இலவசம். எந்தத் தேதிக்கு எல்லை எங்கே ஓடியது என்று அதில் பார்க்கலாம். கவுன்ட்டிப் புத்தகங்களின் படங்கள் ஃபேமிலிசெர்ச் தளத்தில் பெருமளவு இலவசமாகக் கிடைக்கின்றன.

‘டென்னசியில் பிறந்தார்’ என்ற வரியையும் அப்படியே நம்ப வேண்டாம். அவர் 1850-க்கு முன்பே இறந்திருந்தால், 1880 சென்சஸில் உயிரோடிருந்த அவருடைய பிள்ளைகள் அனைவரையும் தேடிப் பிடியுங்கள். அந்த சென்சஸ்தான் முதன்முதலாக ஒவ்வொருவரிடமும் தாய் எங்கே பிறந்தவர், தகப்பன் எங்கே பிறந்தவர் என்று கேட்டது. ஐந்து பிள்ளைகளில் மூவர் ‘வட கரோலினா’, ஒருவர் ‘வர்ஜீனியா’, ஒருவர் ‘டென்னசி’ என்று சொல்லியிருந்தாலும் வியக்க வேண்டாம். மேலே சொன்ன எல்லைக் கதையால் மூன்றும் ஒரே இடமாக இருக்க வாய்ப்புண்டு.

ஆபிரகாம் லிங்கனின் முன்னோர் வடக்கே மாசசூசெட்ஸ்காரர்கள் என்கிறார்கள். அவர் பிறந்ததோ கென்டக்கியில். இந்தத் தொடர்பு லிங்கனுக்கே தெரியாது என்பது உண்மையா?
– வாசகர், திருச்சி

உண்மை. 1859-ல் எழுதிக் கொடுத்த சிறு வாழ்க்கைக் குறிப்பில், தன் தாத்தா ஆபிரகாம் 1781 அல்லது 82 வாக்கில் வர்ஜீனியாவின் ராக்கிங்ஹாம் கவுன்ட்டியிலிருந்து கென்டக்கி வந்தார், அவருடைய முன்னோர் பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் கவுன்ட்டி குவேக்கர்கள் (ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்) என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். நியூ இங்கிலாந்து லிங்கன்களோடு உறவு காட்ட நடந்த முயற்சியில் ஈனாக், லீவை, மார்டெக்காய், சாலமன், ஆபிரகாம் என்ற பெயர்கள் இரு பக்கமும் வருவதைத் தவிர உறுதியாக எதுவும் தேறவில்லை என்றும் எழுதுகிறார். பெயர் ஒத்துப்போனதையே ஆதாரமாக அவர் எடுத்துக்கொள்ளவில்லை. வக்கீல் அல்லவா!

பிற்பாடு ஆய்வாளர்கள் சேர்த்த சங்கிலி இது. சாமுவேல் லிங்கன் 1637-ல் இங்கிலாந்தின் நார்ஃபோக்கிலிருந்து மாசசூசெட்ஸ் வந்து ஹிங்காமில் குடியேறினார். அவர் மகன் மார்டெக்காய். அவருக்கு மகன் இன்னொரு மார்டெக்காய்; இவர் நியூஜெர்சிக்கு நகர்ந்து, பிறகு பென்சில்வேனியா போய் 1736-ல் இறந்தார். அவர் மகன் ஜான் 1768-ல் வர்ஜீனியாவின் ஷெனண்டோவா பள்ளத்தாக்கில் லின்வில் ஓடைக் கரையில் நிலம் வாங்கினார். ஜானின் மகன் கேப்டன் ஆபிரகாம் கென்டக்கி போனார். அவர் மகன் தாமஸ், தாமஸின் மகன் ஜனாதிபதி.

இதில் இற்றுப்போகக்கூடிய கண்ணி, பென்சில்வேனியா மார்டெக்காய்க்கும் வர்ஜீனியா ஜானுக்கும் இடையில் இருந்தது. அதைப் பிடித்து நிறுத்தியது நிலம். மார்டெக்காய் தன் உயிலில் பென்சில்வேனியா நிலத்தை மற்ற மகன்களுக்குக் கொடுத்துவிட்டு, முதல் தாரத்து மகன் ஜானுக்கு நியூஜெர்சியில் இருந்த 300 ஏக்கரை எழுதினார். 1748-ல் பென்சில்வேனியாவாசியான ஜான் லிங்கன் அந்த நியூஜெர்சி நிலத்தை விற்றபோது, ‘மார்டெக்காயின் மகனும் வாரிசும்’ என்று பத்திரத்தில் பதிந்தது. பிறப்புச் சான்று இல்லாத காலத்தில் இப்படி ஒரு வரி கிடைத்தால் அதுவே சான்று. தேடுகிறவர்களுக்கு இதில் ஒரு வழிமுறையும் உண்டு: ஊரை விட்டுப் போனவர் பழைய ஊரில் நிலத்தை எப்போது, யார் என்று சொல்லி விற்றார் என்று பாருங்கள். புதிய ஊரில் வந்திறங்கிய தகவல் பெரும்பாலும் பதிவாவதில்லை. பழைய ஊரில் கணக்கு முடித்தது பதிவாகியிருக்கும்.

தனியாக யாரும் கிளம்பவில்லை என்பதையும் கவனியுங்கள். லிங்கன்கள் பெர்க்ஸ் பக்கம் இருந்தபோது பக்கத்தில் பூன் குடும்பம் இருந்தது. எல்லைப்புற வேட்டைக்காரராகப் புகழ்பெற்ற டேனியல் பூன் அங்கே 1734-ல் பிறந்தவர். அவர் தகப்பனார் 1750-ல் குடும்பத்தோடு புறப்பட்டு வட கரோலினாவின் யாட்கின் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குப் போனார். ஜான் லிங்கனின் மாற்றாந்தாய் வழித் தம்பி ஒருவர், மார்டெக்காய் இறந்த பிறகு பிறந்தவர், 1760-ல் பூன் குடும்பத்து ஆன்னைக் கட்டினார்.

இன்னொரு சட்ட நுணுக்கம். கேப்டன் ஆபிரகாம் 1786-ல் தன் நிலத்திலேயே செவ்விந்தியத் தாக்குதலில் கொல்லப்பட்டார். உயில் இல்லை. கென்டக்கி அப்போது வர்ஜீனியாவின் பகுதி. உயில் இல்லாதவரின் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே என்ற பழைய சட்டத்தை வர்ஜீனியா நீக்கிவிட்டிருந்தாலும், புதுச்சட்டம் நடப்புக்கு வந்தது 1787 ஜனவரியில்தான். சில மாத வித்தியாசத்தில் நிலமெல்லாம் மூத்தவர் மார்டெக்காயிடம் போனது. எட்டு வயதுத் தாமஸ் கூலிக்கும் தச்சு வேலைக்கும் போய் வளர்ந்தார். பின்னால் அவர் வாங்கிய முதல் பண்ணை 238 ஏக்கர் என்று எழுதப்பட்டது, விற்கும்போது 200 ஏக்கர்தான் தேறியது: சர்வே பிழை. கென்டக்கியில் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் அளந்துகொள்ள விட்டதால், ஓடு வேய்ந்த மாதிரி ஒருவர் நிலத்தின் மேல் இன்னொருவர் நிலம் ஏறிக் கிடந்தது. 1816-ல் குடும்பம் இந்தியானா போனதற்கு அடிமை முறை ஒரு காரணம், நில வில்லங்கம் அதைவிடப் பெரிய காரணம் என்று மகனே பின்னாளில் எழுதினார்.

ஒரு பத்திரத்தில் ‘வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி வடக்கு 40 கிழக்கு 120 போல்’ என்று போகிறது. இதை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகர், சார்லட்

முடியும். நம் பத்திரங்களில் செக்குபந்தி எழுதுவார்கள். அங்கே மரம், பாறை, ஓடை என்று மூலைக்கு மூலை நடந்து எழுதுவார்கள். பழைய கிழக்கு மாநிலங்களிலும் கென்டக்கி, டென்னசியிலும் இதுதான் முறை.

ஒரு போல் என்றால் 16½ அடி. நான்கு போல் ஒரு சங்கிலி, 66 அடி. 160 சதுர போல் ஒரு ஏக்கர். ‘வடக்கு 40 கிழக்கு’ என்றால் வடக்கு பார்த்து நின்று கிழக்குப் பக்கம் 40 டிகிரி திரும்பி நடப்பது. ‘தெற்கு 50 கிழக்கு’ என்றால் தெற்கு பார்த்து நின்று கிழக்கே 50 டிகிரி.

உங்கள் பத்திரத்தின் மீதிப் பக்கங்கள் தெற்கு 50 கிழக்கு 134 போல், தெற்கு 40 மேற்கு 120 போல், அங்கிருந்து தொடங்கிய இடம் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 120-ஐ 134-ஆல் பெருக்கினால் 16,080 சதுர போல். 160-ஆல் வகுத்தால் நூற்றுச் சொச்சம் ஏக்கர். பத்திரத்தில் ‘100 ஏக்கர்’ என்று இருந்தால் நீங்கள் சரியாகப் படித்திருக்கிறீர்கள்.

வரையும்போது அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் 1:24,000 வரைபடத்தின் அளவிலேயே வரையுங்கள். அந்த அளவில் ஒரு போலுக்கு 0.21 மில்லிமீட்டர். 120 போல் 25 மி.மீ., 134 போல் 28 மி.மீ. பாகைமானி, அளவுகோல், டிரேசிங் பேப்பர் போதும். வரைந்த தாளை வரைபடத்தின் மேல் வைத்து, பத்திரம் சொல்லும் ஓடையின் மேல் நகர்த்திப் பாருங்கள். ஒரு துண்டை மட்டும் வைத்து இடம் பிடிப்பது கடினம். பக்கத்து நிலத்துக்காரர்களின் பத்திரங்களையும் எடுத்து, அதே ‘வெள்ளை ஓக்’ மூலை வருகிறவற்றை ஒட்டிக்கொண்டே போனால் ஏழெட்டுத் துண்டில் ஓடையின் வளைவோடு பொருந்தி உட்கார்ந்துவிடும்.

தொடங்கிய இடத்துக்குக் கோடு திரும்பி வரவில்லையா? நான்கு காரணம் உண்டு. எழுத்தர் படியெடுக்கும்போது கிழக்கை மேற்காக எழுதியிருப்பார். ஒவ்வொரு வரியாகத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், எந்த வரியைத் திருப்பினால் மூடுகிறதோ அதுதான் பிழை. ஒரு வரியையே விட்டிருக்கலாம். பெரும்பாலும் ‘அங்கிருந்து’ என்ற சொல் இரண்டு முறை வரும் இடத்தில் கண் தாவியிருக்கும். கவுன்ட்டிப் புத்தகம் நகல்தான். மாநிலக் காப்பகத்தில் மூல சர்வே இருந்தால் அதைப் பாருங்கள். மூன்றாவது, ‘ஓடையின் வளைவுகளோடு’ என்று எழுதி அளவே தராமல் விடுவது. நான்காவது, மேடு பள்ளத்தில் சங்கிலியைத் தரையோடு இழுத்தது; சில போல் வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம். வடிவம் மூடியும் மொத்தமாகச் சில டிகிரி சாய்ந்திருந்தால் அது பிழையே அல்ல. சர்வேயர் பிடித்தது காந்த முள். காந்த வடக்கு வருடத்துக்கு வருடம் நகரும்.

சர்வேயின் அடியில் சங்கிலி பிடித்த இருவர் பெயர் இருக்கும். அதைப் படிக்காமல் விடாதீர்கள். கூலியாள் வைக்க வசதியில்லாத இடத்தில் சங்கிலி பிடித்தவர் மைத்துனராகவோ, மகனாகவோ, பக்கத்து வீட்டுக்காரராகவோதான் இருப்பார்.

1850-க்கு முந்தைய சென்சஸில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அதனால் என்ன பயன்?
– வாசகர், அட்லான்டா

பயன் உண்டு. ஒரே சென்சஸை வைத்துக்கொண்டு பார்க்காதீர்கள். வயதுப் பிரிவுகளை ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். 1810-ல் 16 முதல் 25 வரை உள்ள கட்டத்தில் இருந்தவர் 1784–1794-ல் பிறந்தவர். 1820-ல் 26 முதல் 44 என்றால் 1775–1794. 1830-ல் 40 முதல் 49 என்றால் 1780–1790. மூன்றும் ஒரே ஆளென்றால் பிறப்பு 1784-க்கும் 1790-க்கும் இடையில்.

1820 படிவத்தில் ஒரு பொறி. ஆண்களுக்கு 16–18 என்று ஒரு கட்டம், 16–26 என்று இன்னொரு கட்டம். முதல் கட்டத்தில் எண்ணிய பையனை இரண்டாவதிலும் எண்ணுவார்கள். தெரியாமல் கூட்டினால் வீட்டில் இல்லாத மகன் ஒருவர் முளைத்துவிடுவார். வீட்டிலுள்ள இளைஞர்களெல்லாம் பிள்ளைகள் என்றும் எண்ண வேண்டாம். வேலையாள், மருமகன், அனாதையான அண்ணன் மகன் யாரும் இருக்கலாம்.

தெற்கே பல பட்டியல்கள் இப்போது இல்லை. ஜார்ஜியாவில் 1790, 1800, 1810 மூன்றும் போயின. கென்டக்கியில் 1790, 1800. டென்னசியில் 1790, 1800 இல்லை. 1810-ல் பெரும்பகுதி இல்லை. 1820-ல் கிழக்குக் கவுன்ட்டிகள் இல்லை. அந்த ஓட்டையை அடைக்க ஆண்டுதோறும் எடுத்த வரிப்பட்டியல் இருக்கிறது, சொல்லப்போனால் பத்து வருடத்துக்கு ஒரு முறை வரும் சென்சஸை விட அது நல்ல ஆவணம். வர்ஜீனியாவில் 1782 முதல் கிட்டத்தட்டத் தொடர்ச்சியாகக் கிடைக்கிறது. தகப்பன் பெயரில் 16 வயதுக்கு மேற்பட்ட ஆண் ஒன்று கூடினால் ஒரு மகனுக்கு 16 ஆகிவிட்டது என்று கொள்ளலாம். ஐந்தாண்டு கழித்து அந்த எண்ணிக்கை குறைந்து அடுத்த வரியில் அதே குடும்பப் பெயரோடு புதியவர் வந்தால் மகன் 21 தொட்டுத் தனியாக வரி கட்டத் தொடங்கியிருப்பான். தகப்பன் பெயர் போய் மனைவி பெயரோ ‘எஸ்டேட்’ (இறந்தவர் விட்டுப்போன சொத்து) என்ற சொல்லோ வந்தால் அந்த ஆண்டு மரணம்.

ஒரே கவுன்ட்டியில் ஒரே பெயரில் இருவர். ‘சீனியர்’, ‘ஜூனியர்’ என்று போட்டிருப்பதால் தகப்பன் மகன் என்று எழுதிவிடலாமா?
– வாசகர், சேலம்

கூடாது. அக்காலத்தில் ஒரே வட்டாரத்தில் ஒரே பெயரில் இருந்த மூத்தவரையும் இளையவரையும் பிரிக்கத்தான் அதைப் போட்டார்கள். சித்தப்பா மகனாகவோ, உறவே இல்லாதவராகவோ இருக்கலாம். மூத்தவர் இறந்தால் ஜூனியர் சீனியராகிவிடுவார். பிரிப்பதற்கு ஓடையின் பெயர், மனைவி பெயர், கையெழுத்தா கைக்குறியா, சாட்சி போட்டவர்கள் யார் என்று நான்கு பத்தி போட்டு ஒவ்வொரு ஆவணத்தையும் அதில் ஏற்றுங்கள்.

பெண்களின் பிறந்த வீட்டைக் கண்டுபிடிக்க வழியே இல்லையா? மரத்தில் பாதிப் பேர் வெறும் ‘மேரி’, ‘எலிசபெத்’.
– வாசகி, ராலே

திருமணப் பத்திரத்தில் பிணை நின்றவர் பெயரிலிருந்து தொடங்குங்கள்; பெரும்பாலும் பெண்ணின் தகப்பன் அல்லது அண்ணன் தம்பி. ஆனால் அது திருமணம் செய்துகொள்ளும் உத்தேசத்துக்கான பிணை. கல்யாணம் நடந்ததற்கு அது சாட்சி அல்ல.

அடுத்து நில விற்பனை. கணவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள் முழுக்க அனுபவிக்கும் உரிமை மனைவிக்கு உண்டு. அதனால் விற்கும்போது நீதிபதி அவரைக் கணவனிடமிருந்து தனியே அழைத்து ‘மனமார விட்டுக்கொடுக்கிறாயா’ என்று கேட்டுப் பதிவு செய்வார். மனைவி பெயர் அங்கே வரும். வேறொரு விற்பனைதான் உண்மையில் பொன்: ஒருவர் தன் மனைவியோடு சேர்ந்து ஒரு நிலத்தின் ‘ஏழில் ஒரு பங்கை’ விற்கிறார் என்றால், அது மனைவியின் தகப்பன் விட்டுப்போன நிலம், ஏழு வாரிசுகள் என்று பொருள். மற்ற ஆறு பத்திரங்களையும் தேடுங்கள். மொத்தக் குடும்பமும் வந்துவிடும். அந்தப் பத்திரம் பதிவானது பழைய கவுன்ட்டியில், ஆள் அலபாமா போய் பத்து வருடம் கழித்துக்கூட இருக்கலாம். பத்திரப் புத்தகத்தின் பெயர் அட்டவணையில் விற்றவராக முதல் பெயர் மட்டும் வரும். ‘மற்றும் பிறர்’ என்ற சுருக்கத்துக்குள் உங்கள் ஆள் ஒளிந்திருப்பார்.

கவுன்ட்டி நீதிமன்றமே எரிந்துபோய்விட்டது என்கிறார்கள்.
– வாசகர், ரிச்மண்ட்

வர்ஜீனியாவின் பக்கிங்ஹாமில் 1869-ல் எரிந்தது. சில கவுன்ட்டிகள் உள்நாட்டுப் போரில் பத்திரமாக இருக்கட்டும் என்று புத்தகங்களை ரிச்மண்டுக்கு அனுப்பின. 1865 ஏப்ரலில் நகரம் எரிந்தபோது அவையும் எரிந்தன. எரிந்தது கவுன்ட்டிப் பிரதிதான். நில மானியமும் வரிப்பட்டியலின் மாநிலப் பிரதியும் தலைநகரில் இருக்கின்றன. எல்லையோரம் இருந்தவர்கள் பக்கத்துக் கவுன்ட்டியிலும் நிலம் வைத்திருப்பார்கள். தீக்குப் பிறகு சொத்துக்காரர்கள் பழைய பத்திரங்களைக் கொண்டுவந்து மறுபடி பதிந்தார்கள். எனவே 1870-களின் புத்தகத்தில் 1790-ம் ஆண்டுப் பத்திரம் இருக்கக்கூடும், தேதியைப் பார்த்து அந்தப் புத்தகத்தைத் தள்ளிவிடாதீர்கள்.

ஜார்ஜியாவில் குலுக்கல் போட்டு நிலம் கொடுத்தார்களாமே?
– வாசகர், சிங்கப்பூர்

ஆம். 1805, 1807, 1820, 1821, 1827, 1832, 1833 ஆண்டுகளில். முதல் குலுக்கலில் தனி ஆண் என்றால் ஒரு சீட்டு, மனைவியோ மைனர் பிள்ளையோ இருந்தால் இரண்டு. பால்ட்வின், வில்கின்சன் கவுன்ட்டிகளில் ஒரு மனை 202½ ஏக்கர். 1805 பட்டியலில் பரிசு விழாதவர் பெயரும் இருப்பதால், அதை மாநிலம் முழுவதற்குமான ஆள் கணக்காகவே பயன்படுத்தலாம். 1800 சென்சஸ் இல்லாத குறை பாதி தீரும். இரண்டு சீட்டு என்றால் அப்போதே குடும்பஸ்தர். ஆனால் பரிசு விழுந்தவர் அங்கே குடிபோனார் என்று எழுதிவிடாதீர்கள். பலர் இருந்த இடத்திலிருந்தே விற்றுவிட்டார்கள்.

நிலம் யாருடையது என்றால் மஸ்கோகி என்ற கிரீக் மக்களுடையது, 1832-ல் செரோக்கி மக்களுடையது. செரோக்கிகள் இன்னும் அங்கே குடியிருக்கும்போதே 160 ஏக்கர் மனைகளாகவும், தங்கம் உள்ள பக்கம் 40 ஏக்கராகவும் வெட்டிக் குலுக்கிவிட்டார்கள். அவர்களை ராணுவம் வெளியேற்றியது 1838-ல்.

எங்கள் மருமகனின் வம்சத்தில் ஏழு தலைமுறைக்கு முந்தைய பாட்டி ஒருவர் ‘செரோக்கி இளவரசி’ என்று குடும்பத்தில் சொல்கிறார்கள். டி.என்.ஏ. சோதனையில் ஒன்றும் வரவில்லை.
– வாசகி, பர்மிங்ஹாம், அலபாமா

செரோக்கிகளிடம் இளவரசி என்ற பதவியே இல்லை. தெற்கில் இந்தக் கதை இல்லாத பழைய குடும்பம் குறைவு. அதற்காக டி.என்.ஏ.-வில் வராததே மறுப்பும் ஆகாது. ஏழு தலைமுறைக்கு முந்தைய ஒருவரிடமிருந்து சராசரியாக 1 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் வருகிறது. அதுவும் சிலருக்கு வராமலே போகும். கையன் மில்லர் (Guion Miller) விண்ணப்பங்களைப் பாருங்கள். செரோக்கிகளுக்குச் சேர வேண்டிய இழப்பீட்டுத் தொகைக்காக 1906 முதல் வந்தவை அவை, பெரும்பாலானவை தள்ளுபடி. தள்ளுபடியானதிலும் விண்ணப்பித்தவர் தாத்தா பாட்டி வரை பெயரும் ஊரும் எழுதியிருப்பார் என்பதால் வம்சாவளிக்கு உதவும். நேர் தந்தை வழியைச் சோதிக்க மட்டும் ஒய்-டி.என்.ஏ. நல்ல கருவி, ஒரே குடும்பப் பெயருள்ள இரு கிளைகளின் ஆண் வாரிசுகள் இருவரைச் சோதித்தால் ஒரே வேரா என்று தெரிந்துவிடும்.

மருமகள் ஆப்பிரிக்க அமெரிக்கர். 1870-க்கு முன்னால் சுவர் மாதிரி நிற்கிறது.
– வாசகி, ஹன்ட்ஸ்வில்

1870 சென்சஸ்தான் விடுதலை பெற்றவர்களை முதலில் பெயரோடு எழுதியது. 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உடைமையாளர் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டும் இருக்கும்; பெயர் இராது. எனவே முதலில் உடைமையாளர் யார் என்று நிறுவ வேண்டும். 1870-ல் அந்தக் குடும்பத்துக்கு அருகே இருந்த நிலச்சுவான்தார்களைப் பட்டியலிடுங்கள். விடுதலை பெற்றோர் துறையின் 1865–1872 ஆவணங்களில் கூலி ஒப்பந்தங்கள் உள்ளன. பலர் முதல் ஆண்டு பழைய உடைமையாளரிடமே ஒப்பந்தம் போட்டார்கள். ஃபிரீட்மன்ஸ் சேமிப்பு வங்கியின் கணக்குப் பதிவுகளில் பெற்றோர், உடன்பிறந்தோர் பெயர், சிலவற்றில் பழைய எஜமானர் பெயர்கூட இருக்கும். குடும்பப் பெயர் கடைசி உடைமையாளருடையதாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அதற்கு முந்தையவருடையதாகவோ, தானே தேர்ந்ததாகவோ இருக்கலாம்.

உடைமையாளர் கிடைத்ததும் அவரது உயில், சொத்துப் பட்டியல், பங்குப் பிரிவினை, மகளுக்குத் தானமாக எழுதிய பத்திரம் எல்லாவற்றையும் படியுங்கள். ஆட்களின் பெயர்கள் அங்கேதான், மாட்டுக்கும் மேசைக்கும் நடுவில், டாலர் மதிப்போடு எழுதப்பட்டிருக்கும். வெள்ளைக் குடும்பம் வர்ஜீனியாவிலிருந்து அலபாமா போனால் இவர்களும் நடத்திக் கூட்டிப் போகப்பட்டார்கள். ஆகவே அந்த வெள்ளைக் குடும்பத்தின் பயணத்தை மேலே சொன்ன முறைகளிலேயே பின்தொடர வேண்டும். வியாபாரியிடம் விற்கப்பட்டவர்களுக்கு அது பொருந்தாது. கப்பலில் ரிச்மண்ட், அலெக்சாண்டிரியா பக்கமிருந்து நியூ ஆர்லியன்ஸ் போனவர்களின் பெயர், வயது, உயரத்தோடு கப்பல் பட்டியல்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

வெள்ளைக் குடும்பத்து வம்சாவளி தேடும் மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. சொத்துப் பட்டியலைப் படியெடுக்கும்போது அடிமைகளின் பெயர்களை விட்டுவிடாமல் எழுதுங்கள். வேறு யாரோ தேடும் ஒரே பதிவு அதுவாக இருக்கலாம்.

புரட்சிப் போர் (அமெரிக்க விடுதலைப் போர்) ஓய்வூதியக் கோப்புகளில் என்ன கிடைக்கும்?
– வாசகர், கொழும்பு

1832 ஜூன் 7 சட்டப்படி விண்ணப்பித்தவரின் கோப்பு கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. ஆறு மாதம் போர்ச் சேவை செய்தவர், உள்ளூர்ப் படையில் இருந்தவர் எல்லாரும் விண்ணப்பிக்கலாம் என்றானது அப்போதுதான். கிழவர் கவுன்ட்டி நீதிமன்றத்தில் நின்று சத்தியம் செய்து பதில் சொல்ல வேண்டும்: எங்கே, எந்த ஆண்டு பிறந்தீர்? வயதுக்கு எழுத்து ஆதாரம் உண்டா? படைக்கு அழைத்தபோது எங்கே குடியிருந்தீர்? அதன்பின் எங்கெங்கே? உம்மை அறிந்த அக்கம்பக்கத்தார் யார்? பென்சில்வேனியாவில் பிறந்து, வட கரோலினாவின் ரோவன் கவுன்ட்டியில் வளர்ந்து, கிரீன் கவுன்ட்டியில் பதினைந்து வருடம் இருந்து, அலபாமாவில் விண்ணப்பித்த ஒருவரின் முழு வழியும் இரண்டு பக்கத்தில் அடங்கிவிடும்.

கோப்பு எண்ணுக்கு முன் ‘எஸ்’ என்றால் வீரர், ‘டபிள்யூ’ என்றால் விதவை, ‘ஆர்’ என்றால் நிராகரிப்பு. விதவைக் கோப்பைத் தேடி எடுங்கள். கல்யாணத்தை நிரூபிக்க வேண்டியிருந்ததால் குடும்ப பைபிளில் பிறப்பு, திருமணம் எழுதிய பக்கத்தையே கிழித்து அனுப்பினார்கள். ‘ஆர்’ கோப்பும் தடிமனாக இருக்கும், ஏனெனில் பிள்ளைகள் விடாமல் கடிதம் எழுதியிருப்பார்கள். வயதை மட்டும் இரண்டு மூன்று வருடம் தளர்த்தி எடுத்துக்கொள்ளுங்கள். எண்பது வயதுக்காரர் ஐம்பது வருடத்துக்கு முந்தையதை நினைவிலிருந்து சொல்கிறார்.

1752-க்கு முன் பிறந்தவர் என்றால் தேதியிலும் கவனம் தேவை. அதுவரை அங்கே புத்தாண்டு மார்ச் 25. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் முதல் மூன்று வாரங்களில் நடந்ததை ‘1735/6’ என்று இரட்டை ஆண்டாக எழுதியிருப்பார்கள். ஒற்றை ஆண்டாக ‘1735’ என்று மட்டும் இருந்தால் நம் கணக்கில் அது 1736 ஆகலாம். 1752-ல் செப்டம்பர் 2-க்கு அடுத்த நாளை 14 என்று எண்ணி 11 நாட்களை நீக்கினார்கள். தகப்பன் உயில் எழுதிய ‘பிப்ரவரி 1735’-ஐ அப்படியே வைத்து, ‘அக்டோபர் 1735’-ல் அவர் கையெழுத்திட்ட பத்திரம் போலி என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. அந்த உயில் பத்திரத்துக்கு நான்கு மாதம் பிந்தியது.